வெறுங்கிண்ணம்

வியட்நாமில், மீகாங் கரையோரத்து ஓலைவீட்டில், உச்சி வெயில் பாயின்மேல் கீற்றுக்கீற்றாக விழுந்து கிடக்கிறது. வெளியே ஒரு படகின் எஞ்சின் இருமிக்கொண்டே போகிறது. அமெரிக்காவில், சன்னிவேலில், குமுதினியின் கணவன் ஞானேஸ்வரனோடு வேலைபார்க்கும் துவானின் சின்னம்மா, விருந்தாளிகளுக்கென்றே பொரித்த முழு மீனைக் கொண்டுவந்து நடுவில் வைக்கிறாள். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நான் மச்சம் சாப்பிடமாட்டன் எண்டு சொல்லுங்கோவன்," என்று குமுதினி அவரின் காதுக்குள் சொல்கிறாள். ஞானேஸ்வரன் ஆங்கிலத்தில் சொல்ல, துவான் அதைத் தன் மொழியில் சொல்கிறான். அந்த அம்மாவின் சிரிப்பு மெல்ல அடங்குகிறது. மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், கீரையும் தோஃபுவுமாகத் திரும்பி வருகிறாள். குமுதினிக்குப் பக்கத்தில் வெறுங்கிண்ணம் ஒன்றை வைக்கிறாள். மூன்று ஊதுபத்திகளை அவள் கையில் கொடுக்கிறாள். இந்த வீட்டில் மீன் சாப்பிடாமல் விடுவது செத்தவர்களுக்காகத்தானாம்; வெறுங்கிண்ணம் அந்தச் செத்தவருக்காம். யாருக்காக என்று சின்னம்மா கேட்கிறாள் என்கிறான் துவான்.

"ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொல்லும்," என்று ஞானேஸ்வரன் அவசரப்படுகிறார். யாழ்ப்பாணத்தில் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போன, பிறகு திரும்பிவராத குமுதினியின் தம்பிக்கு, எட்டு வருடமாகியும் வீட்டில் ஒருவரும் திவசம் செய்யவில்லை. குமுதினி பத்திகளைப் பற்றவைக்காமலே திருப்பிக் கொடுக்கிறாள். கிண்ணத்தை மட்டும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறாள்.

"அந்த மீனைக் கொண்டுவரச் சொல்லுங்கோ. தம்பி வெள்ளிக்கிழமையும் மச்சம் சாப்பிடுவான்."