ஆறு மணி வாசகர்

முதலில் தப்புச் செய்தது அப்துல் மஜீதுதான். அதில் ஆத்மநாதனுக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் மஜீது பஸ் டிரைவர், இவர் அதே பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் திருவரங்குளத்தில் இவர் விசில் கொடுக்கும் முன்பே மஜீது வண்டியை எடுத்துவிட்டார். நேரத்துக்கு எட்டு நிமிஷம் முன்னதாக. பரீட்சைக்குப் போகவேண்டிய ஏழு பிள்ளைகள் ரோட்டில் நின்றுவிட்டார்கள்.

விசாரணையில் மஜீது சொன்னது ஒரே வரி. "கண்டக்டர் விசில் கொடுத்தாரு, எடுத்தேன்."

ஆத்மநாதனுக்கு மூன்று மாதம் சஸ்பெண்ட். அன்றோடு பேச்சு நின்றது. 'தப்பு என்னுதுதான்' என்று மஜீது வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாதவரை அந்த முகத்தில் முழிப்பதில்லை.

ரிட்டயரான பிறகு மருமகள் தேவிப்ரியா அவருக்கு இணையத்தில் ஒரு ப்ளாக் தொடங்கிக் கொடுத்தாள். படிப்பு எட்டாவதுதான் என்றாலும் கஷ்டமில்லை. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொண்டது. முதல் பத்துக் கட்டுரையும் மஜீதைத் திட்டித்தான்.

ஒரு நாளைக்கு மூன்று பேர் படித்தார்கள். அதில் இரண்டு பேர் இவரும் தேவிப்ரியாவும்.

"ஒங்க கோவத்தை யாரு மாமா தேடி வருவா? பஸ் டைமை எழுதுங்க. சனம் அதைத்தான் தேடுது."

எழுதினார். நோட்டும் கையுமாகப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு வண்டியாகச் சரிபார்த்தார். சித்தன்னவாசலுக்கு எது போகும், கடைசி வண்டியை விட்டால் எங்கே இறங்கி மாறலாம் என்பதுவரை போட்டார்.

ஆறே மாதத்தில் தினம் எண்ணூறு பேர். பின்னாலேயே விளம்பரம் வந்தது. இந்த மாதக் கடைசியில் முதல் பணம் பேங்குக்கு வந்துவிடும் என்றாள் தேவிப்ரியா. பென்ஷன் முழுதும் வீட்டுச் செலவுக்கே போய்விடும். இதுதான் அவர் கைக்கென்று வரும் காசு.

போன செவ்வாய்க்கிழமை விளம்பரக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது.

"மாமா, யாரோ ஒரே ஆள் விளம்பரத்தைத் திரும்பத் திரும்ப அழுத்துறாங்களாம். காசுக்காக நாமளே ஆள் வச்சு அழுத்துறோம்னு நெனைக்கிறாங்க. நிக்கலைன்னா கணக்கை மூடிருவாங்களாம். சேர்ந்த காசும் வராது."

"யாரு அந்த ஆளு?"

"பேரு தெரியாது. ஆனா அறந்தாங்கியில இருந்து ஒரு போன், தினம் காலையில ஆறு மணிக்கு வந்து எல்லாப் பக்கத்தையும் தொறக்குது."

ஆத்மநாதன் எழுந்து சட்டையை மாட்டினார். "மஜீதுதான்! தொழுதுட்டு வந்து உக்காந்து என் பொழப்பைக் கெடுக்குறான்."

"அவருதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"அறந்தாங்கியில எனக்கு வேற யாரும்மா எதிரி இருக்கா?"

மறுநாள் காலை அறந்தாங்கியில் மஜீது வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தது மஜீதின் மனைவி சம்சுன் நிஹார்.

"அண்ணே! வாங்க, உள்ள வாங்க..."

"வரலம்மா. அவனைக் கூப்பிடு."

மஜீது வந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. கையில் போன்.

"காலங்காத்தால என் ப்ளாக்குல விளம்பரத்தை அழுத்துறது நீதானே?"

"ஆமா."

இத்தனை சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று ஆத்மநாதன் நினைக்கவில்லை.

"எத்தனை தடவை?"

"முப்பது, நாப்பது. வெள்ளிக்கிழமைன்னா இன்னும் கூட."

"வெக்கமா இல்ல? என் கணக்கையே மூடப்போறான்யா!"

மஜீதின் முகம் செத்துப்போனது. "மூடப்போறானா? அழுத்துனதாலயா?"

"தெரியாத மாதிரி கேக்காதே!"

"யா அல்லா!" சுட்டுவிட்டதைப் போல மஜீது போனை நாற்காலியில் போட்டார். "இனிமே தொடமாட்டேன். மூடிட்டானா, இன்னும் இருக்கா?"

"இருக்கு. நீ நிறுத்துனா தப்பிக்கும்."

மஜீது நிம்மதியாக மூச்சு விட்டார்.

"அப்புறம் என்னத்துக்குய்யா அழுத்துனே?"

மஜீது தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

"பாத்தியாம்மா? அன்னைக்கும் இப்படித்தான், வாயைத் தொறந்து..."

"அண்ணே," என்று சம்சுன் நிஹார் குரலைத் தாழ்த்தினாள். "விளம்பரத்தை அழுத்துனா எழுதுறவருக்குக் காசு போகும்னு எங்க மருமகன் நிஜாம் சொன்னாரு. அன்னையிலேருந்து இவருக்கு விடிஞ்சா இதே வேலைதான். 'எம் பொய்யால ஆத்மநாதனுக்கு மூணு மாசச் சம்பளம் போச்சு, அது அவருக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் அழுத்துவேன்'னாரு. வெரலு வலிக்குதுன்னு நேத்துக்கூட தைலம் தேச்சுவிட்டேன்."

ஆத்மநாதன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

டீ வந்தது. மஜீதும் வந்து எதிரே உட்கார்ந்தார்.  பாதி டீயில் மஜீது தொண்டையைச் செருமினார். அந்த வார்த்தைதான் வரப்போகிறது என்று ஆத்மநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மீமிசல் வண்டிய நீ ஒம்பது நாப்பதுன்னு போட்டிருக்கே. இப்ப ஒம்பதரைக்கே எடுத்துடறான்."

"சரி, மாத்திடறேன்."

அவ்வளவுதான் பேச்சு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தேவிப்ரியாவின் போன். "என்ன மாமா ஆச்சு?"

"இனிமே அழுத்தமாட்டான். நம்ம கணக்குக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்பாடா! தப்பு என்னுதுன்னு ஒத்துக்கிட்டாரா?"

"எங்க? அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில வரல அவனுக்கு," என்றார் ஆத்மநாதன். "நானும் விடறதா இல்ல. அவன் சொல்ற வரைக்கும் வாராவாரம் போயி அவன் வீட்டுல உக்காரப் போறேன்."