போட்டுக் கொடுத்தவன்

"எவன்டா என்னைப் போட்டுக் கொடுத்தது?"

மெடிக்கல் ரூமிலிருந்து திரும்பிய ராக்கெட், ஹாஸ்டல் வராந்தாவில் நின்று கத்தினான். அவனோடு போர் விமானி ஆகப் பயிற்சி எடுக்கும் பதினோரு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

எதிலும் முந்திக்கொண்டு ஓடுவதால் அவனுக்கு ராக்கெட் என்று பெயர். அன்று காலை முதல் தடவையாக, பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல், அவன் தனியாக விமானம் ஓட்ட வேண்டியது. அந்த பேட்ச்சிலேயே முதல் ஆள் அவன்தான்.

"ஜலதோஷமாம்! அஞ்சு நாள் தரையிலேயே இருக்கணுமாம்! டாக்டரம்மா விமானத்துக்கிட்டயே வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்கடா. மானம் போச்சு!"

"நிஜமாவே ஜலதோஷமா?" என்றான் ஒல்லி.

"லேசா. அதெல்லாம் ஒரு விஷயமா? அவங்களுக்கு யார் சொன்னதுன்னு கேக்கறேன்."

விஷயம் தெரிந்தவன் ஒரே ஒருத்தன்தான். அவனுடைய ரூம்மேட், வாத்தியார். பயிற்சி விதிகளைப் பக்கம் நம்பரோடு ஒப்பிப்பதால் அந்தப் பெயர்.

முந்தின நாள், போர்வைக்குள் தலையை விட்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்த ராக்கெட்டிடம் வாத்தியார் சொன்னான்: "நீயே போய் டாக்டர்கிட்ட சொல்லிடு. மூக்கடைப்போட மேல போனா, இறங்கறப்ப காது வலி உயிரை எடுத்துடும். தனியா என்னடா பண்ணுவே?"

"உன் வேலையைப் பாரு. வெளிய மூச்சு விட்டே, அவ்வளவுதான்."

அன்று சாயங்காலமே வாத்தியார், துணி காயப்போடும் இடத்தில் ஒதுங்கி நின்று போனில் குசுகுசுவென்று பேசினான். ராக்கெட்டைப் பார்த்ததும் கட் பண்ணினான்.

"யாரு போன்ல?"

"தெரிஞ்சவங்க."

இதைவிட வேறென்ன வேண்டும்?

"டேய், லிஸ்ட்ல உனக்கு அடுத்த பேர் யாரு?" என்று ஒல்லி எடுத்துக் கொடுத்தான். "நீ உக்காந்துட்டா முதல்ல பறக்கறது யாரு?"

வாத்தியார்!

ராக்கெட் அறைக் கதவை உதைத்துத் திறந்தான். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த வாத்தியார் நிமிர்ந்தான்.

"டாக்டரம்மாகிட்ட சொன்னது நீதானே?"

பிரஷ் நின்றது. வாத்தியார் கொஞ்சம் யோசித்தான்.

"ஆமா. நான்தான்."

"வெக்கமா இல்ல?"

வாத்தியார் குனிந்து மறுபடி பாலிஷ் போட ஆரம்பித்தான். கல்லுளிமங்கன்!

மறுநாள் வாத்தியார் தனியாகப் பறந்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதல் தடவை தனியாகப் பறந்து இறங்குகிறவன் மேல் பேட்ச் முழுக்கச் சேர்ந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும். வாத்தியார் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான். சுற்றுமுற்றும் பார்த்தான். வாளிகள் நிரம்பியபடி இருந்தன. ஊற்றத்தான் ஒருத்தனும் இல்லை. ஒரு சொட்டுகூட நனையாமல் தலைகுனிந்து அறைக்கு நடந்தான்.

"நல்லா வேணும்" என்றான் ராக்கெட், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே.

அதோடு விட்டானா? ஐந்தாம் நாள் மாதக் கடைசி. மாதா மாதம் வருவதுபோல எல்லாருக்கும் ஒரு தாள் வந்தது. அதில் ஒரே கேள்வி: 'உங்கள் பேட்ச்சில் யாரை நம்பி ஒரே விமானத்தில் ஏற மாட்டீர்கள்?' மூன்று பேர் ஒரே பெயரை எழுதினால் அந்த ஆளுக்கு விசாரணை. விசாரணைக்குப் போன யாரும் இதுவரை விமானியானதில்லை.

ராக்கெட் யோசிக்கவே இல்லை. வாத்தியாரின் பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டு, தலைமை அதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டு வந்தான். அப்பாடா என்றிருந்தது.

வராந்தாவுக்கு வருவதற்குள் அம்மாவின் போன்.

"மூக்கடைப்பு விட்டுதாப்பா?"

"விட்டுது. ஆனா கூட இருந்தே குழி பறிச்சுட்டாம்மா என் ரூம்மேட். இன்னிக்கு அவனுக்கு வெச்சுட்டேன் ஆப்பு."

"ஐயையோ! அந்தப் பிள்ளையை ஒண்ணும் பண்ணிடாதேடா. டாக்டரம்மாவுக்கு போன் போட்டதே நான்தான்!"

"நீயா?"

"உன் குரலைக் கேட்டா எனக்குத் தெரியாதா? தூசின்னு மழுப்பினே. மனசு கேக்காம அந்தத் தம்பிகிட்ட கேட்டேன். ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. 'அவனே போய்ச் சொல்லிடுவாம்மா, காலை வரைக்கும் பொறுங்க'ன்னான். எனக்குப் பொறுக்கல. டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டு, அவன்கிட்டயும் அதைச் சொன்னேன்."

"அப்புறம் ஏம்மா அவன் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டான்?"

"யாரோ ஒரு பையனோட அப்பா சாப்பாடு சரியில்லைன்னு போன் பண்ணினாராமே. அவனை இன்னும் பால்புட்டின்னுதான் கூப்பிடறீங்களாமே. 'உங்க பிள்ளைக்கு அப்படி ஒரு பேர் வரவேண்டாம்மா, என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும்'னு சொல்லி என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். நான் ஒரு ஓட்டை வாய், சொல்லிட்டேன்."

ராக்கெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. போனைக்கூட அணைக்காமல் திரும்பி ஓடினான்.

தலைமை அதிகாரி தாள்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், என் தாளைத் திருப்பிக் கொடுங்க."

"முடியாது. உன்னோடது சேர்த்து மூணு தாள்ல இதே பேர் இருக்கு. இனிமே விசாரணைதான்."

"என்னோடது தப்பு சார். அந்தப் பேரை அடிச்சுட்டு வேற பேர் எழுதணும்."

"நம்ப முடியாத ஆள் இன்னொருத்தன் வேற இருக்கானா? யாரு?"

"நான்தான் சார்."