ஒண்ணு விடாம

"எங்கப்பா வர்ற எடத்தையெல்லாம் எடுத்துடுங்கக்கா" என்றாள் அன்புக்கரசி, குரலைத் தாழ்த்திக்கொண்டு.

பொற்கொடிக்குச் சுருக்கென்றது. மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பாவையா?"

"ஆமாங்க்கா. ஒண்ணு விடாம எடுத்துடுங்க."

"நல்லா யோசிச்சுதான் சொல்றியா?"

"யோசிக்காமயா? மாத்தல் வந்த நாள்லேருந்து இதத்தான் யோசிச்சிகினு இருக்கேன்."

பொற்கொடியின் வீடியோ கடைக்கு வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் மாமியார் பாப்பா நின்றிருந்தார். அவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "அத்தை காதுல விழ வேணாம்க்கா. ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன். காலையில ரயில்" என்று கிளம்பிவிட்டாள்.

விஷயம் இதுதான். அன்புக்கரசியின் கல்யாண வீடியோ இரண்டு டி.வி.டி.யில் இருந்தது. அதை ஒரே டிஸ்க்கில் அடக்க வேண்டும், சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க அதுதான் வசதி என்பது மாமியாரின் உத்தரவு. இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலையிலிருந்த அவள் புருஷனுக்கு ராஜஸ்தான் சுரங்கத்துக்கு மாற்றல்.

"ரெண்டும் சேர்ந்து ஏழு ஜி.பி. வருது. ஒண்ணுல அடங்காது. எதையாவது எடுக்கணும், இல்லன்னா நசுக்கணும். நசுக்கினா படம் மங்கும்" என்று பொற்கொடி சொல்லியிருந்தாள். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துவிட்டு அந்தப் பெண் சொன்ன பதில்தான் அந்த 'எடுத்துடுங்க'.

பொற்கொடி டிஸ்க்கை ஓடவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் கோட்டும் பட்டுமாக உட்கார்ந்திருக்க, பெண்ணின் அப்பா சிங்காரவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு ஓடினார். பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் துண்டைச் சுழற்றி ஆடினார். மேடையில் சம்பந்தி பக்கத்தில் நிற்கச் சொன்னதும், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே ஓரமாய் நின்றார். சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளுகிற காண்ட்ராக்ட் வேலை அவருக்கு.

எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் வந்தது. அவரை வெட்டிவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

"பர்மனென்ட் வூட்டுக்கு மருமகளா போனதும் பெத்தவரு கசந்துட்டாரா?" என்று மானிட்டரைப் பார்த்துக் கேட்டாள் பொற்கொடி. அவளுக்கு ஆறவில்லை. வெட்டுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

முதலில், டிஸ்க்கைப் போட்டதும் பாட்டோடு ஆடுகிற மெனுவைத் தூக்கினாள். சுருக்காமலே கிடந்த ஒலியைச் சுருக்கினாள். வடலூரைத் தாண்டாத ஜோடி பனிமலையில் நிற்க, சுற்றி இதயம் இதயமாய்ப் பறக்கும் கிராபிக்ஸ் இருபது நிமிடம். அதையும் கழற்றினாள். கூட்டம் சும்மா உட்கார்ந்திருந்த இடங்களை நசுக்கினாள். நாலு புள்ளி ஆறு ஜி.பி.க்கு வந்து நின்றது.

டிஸ்க் அட்டையில் நாலு புள்ளி ஏழு என்று போட்டிருக்கிறது. ஆனாலும் 'இடம் போதாது' என்றது கம்ப்யூட்டர்.

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் இங்கேதான் தலையில் கை வைப்பார்கள். அட்டையில் அப்படித்தான் பெருமையடிப்பான், கம்ப்யூட்டர் கணக்குக்கு நாலு புள்ளி மூணுதான் கொள்ளும் என்பது பொற்கொடிக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டை மறந்து, இன்னும் கொஞ்சம் நசுக்கி, அந்த நாலு புள்ளி மூணில் கொண்டுவந்து நிறுத்தினாள். சிங்காரவேல் ஒரு நொடி குறையாமல் உள்ளே இருந்தார்.

ஆறு மணிக்கு அன்புக்கரசி தனியாக வந்தாள்.

"இந்தா. எல்லாம் அடங்கிடுச்சு" என்று டிஸ்க்கை நீட்டினாள் பொற்கொடி. "உங்கப்பாவ நான் எடுக்கல. எடுக்கவும் மாட்டேன்."

"எடுக்கலையா?"

"வெளிய போர்டுல 'வைத்திலிங்கம் வீடியோஸ்'னு இருக்கே, அது எங்கப்பா பேரு. அவரும் காண்ட்ராக்ட்தான். கம்மாபுரத்துலேருந்து சைக்கிள்ல வந்து கரி அள்ளினவரு. நான் தலை நிமிர்ந்து எழுதி வெச்சிருக்கேன். பெத்தவரக் காட்ட உனக்கு வெக்கமா இருந்தா வேற கடையப் பாத்துக்க."

அன்புக்கரசிக்குக் கண் கலங்கிவிட்டது.

"வெக்கமா? அப்பா பேரப் போட்ட அந்த போர்டப் பாத்துதான்க்கா உங்க கடைக்கு வந்தேன். காலையில ரயிலு. இனிமே எப்ப எடுக்கறது?"

பையைத் திறந்து ஒரு புது டிஸ்க்கை மேஜைமேல் வைத்தாள். ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தது: அப்பா.

"ஒண்ணுல அடக்கினா படம் மங்கும்னீங்க. அது அத்தைக்கு, மங்கினாப் பரவால்ல. அப்பா வர்றத மட்டும் நசுக்காம இதுல எடுத்துக் குடுப்பீங்கன்னு நெனச்சிகினு போனேன்."

'எடு' என்பது பொற்கொடி தினம் நூறு தடவை புழங்குகிற சொல். வெட்டிப் போடுவதும் எடுப்பதுதான், பொறுக்கி வைத்துக்கொள்வதும் எடுப்பதுதான் என்பது இப்போதுதான் உறைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. அரை மணி நேரத்துல ஆயிடும். மாமியாருக்கு ஏன் தெரியக் கூடாது?"

"அப்பாவுக்கு மட்டும் தனி டிஸ்க்கா, அப்ப நாங்கள்லாம் கல்யாணத்துக்கு வரலையான்னு கேப்பாங்கக்கா."

பொற்கொடி சிரித்துவிட்டாள். "அங்க போய் இதப் போட்டுப் பாத்துப் பாத்து அழுவப் போறியா?"

"அழறதுக்கா? அங்க குவார்ட்டர்ஸ்ல ஆளாளுக்கு எங்கப்பா ஆபீசர், எங்கப்பா இன்ஜினீயர்னு சொல்லிக்குவாங்க. நான் வாயால சொல்ல மாட்டேன்க்கா. போட்டுக் காட்டுவேன்."