நாணயம் தட்டிய இடம்

மலைச்சாலை வளைவில் மோதிக்கொண்டு விழுந்த இரண்டு சைக்கிள்களும் சுலைமானின் சைக்கிள் பழுதுபார்க்கும் கடைச் சுவரில் சாய்ந்து நின்றன. ஒன்று இரும்பு, அதன் மேல்குழாய் வளைந்திருந்தது. மற்றது கார்பன் ஃபைபரால் ஆன பந்தய சைக்கிள். அதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

“என் உடம்பு உன்னைவிட உறுதி, மாப்ளே. துருவும் பிடிக்காது,” என்றது கார்பன்.

“சரிதான். ஆனா விழுந்தப்ப உன் உள்ளே என்னமோ முறிஞ்ச சத்தம் கேட்டுச்சே?”

“அது ரோட்டுல கிடந்த கல்லு.”

“கல்லுக்கு உன் குரல் எப்படி வந்துச்சு?”

கார்பன் குரலைத் தாழ்த்தியது. “தெரிஞ்சா என்னை ஓரங்கட்டிடுவாங்க. நாளைக்குப் போட்டி. உன்னை மாதிரி தட்டி நிமிர்த்துற உடம்பா எனக்கு?”

“நாளைக்கு அந்த மலை இறக்கத்துல உன் மேல உட்காரப்போறது, உன்னை ஓட்டுற எஸ்தர். நீ முறிஞ்சா விழறது அவதான்.”

சுலைமான் வந்து இரும்பை நிமிர்த்தினார். அது தெருவுக்கே கேட்கும்படி கத்தியது. பிறகு ஒரு நாணயத்தால் கார்பனின் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். விரிசல் இருக்கும் இடத்தில் ஓசை மங்கும் என்பது அவருக்குத் தெரியும். டிங், டிங் என்று தெளிவாகவே கேட்டது. நாணயம் இருக்கைக்குக் கீழே விரிசல் இருந்த இடத்துக்கு வந்தபோது, ஓசை மங்காதிருக்கக் கார்பன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

வாசலில் எஸ்தர் தன் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கார்பன் மூச்சை விட்டது. நாணயம் பட்ட இடத்தில் ‘பொத்’தென்று மங்கிய ஓசை எழுந்தது.

சுலைமான் கார்பனிலிருந்த போட்டி எண் அட்டையைக் கழற்றி இரும்பில் மாட்டினார்.

“வலிக்குதா, மாப்ளே?” என்று கேட்டது இரும்பு.

“இப்பதான் வலியே தெரியுது,” என்றது கார்பன்.