இரண்டாவது குரல்

காசிமேட்டுக் கன்னியம்மா நண்டுக் குழம்பு வைக்கும் வீடியோவுக்கு, காது கேளாதவர்களும் பார்க்கட்டும் என்று சப்டைட்டில் போட்டுக்கொண்டிருந்தாள் கார்குழலி. பேசுகிறவர் பெயரையும் போட்டாக வேண்டும் என்பது அந்த வேலையின் சட்டம்.

கன்னியம்மா தனியாகத்தான் சமைத்தாள். ஆனால் கம்ப்யூட்டர் தானாக எழுதித் தந்ததில் இன்னொருத்தியும் பேசினாள்: "உப்பு பத்தல. இவ என்னிக்கு ஒயுங்கா போட்டா?"

அழித்தாலும் திரும்ப வந்தது. கார்குழலி கன்னியம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அதுவா? என் மாமியாரு. செத்து ஆறு வருசமாவுது, வாய் மட்டும் அடங்கல. பேரு போட்டுக்கோ கண்ணு. எய்த்த மட்டும் சின்னதா போடு."

அப்படியே 'மாமியார்' என்று பெயரைப் போட்டு எழுத்தைச் சுருக்கினாள். கீழே புதிதாக ஒரு வரி வந்தது.

"மாமியார்: பெருசா போடும்மா. எனுக்குக் கண்ணு சரியா தெரியாது."