கதவிடுக்கில் ஒரு செருப்பு

கடைசி வரியில் மறுபடியும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அவள் ஹெட்போனைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இன்னொரு தபா போலாம் ஷமீனா,” என்றான் தணிகா, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணெடுக்காமல். ஸ்டூடியோ அவனுடையது. “ஏழு மணிக்கு வேற பார்ட்டி வருது. அதுக்குள்ள வரலைன்னா உன் போர்ஷனத் தூக்கிட்டு, கிளின்டனையே ஃபுல்லா பாட வெச்சிடுவேன்.”

அவளுக்கு எட்டு வரி. முதன்முதலாக ஒரு ராப் பாட்டில் அவள் பெயரும் வரப்போகிறது.

நோன்பு என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு நாள் பார்க்கலாம் என்பார்கள்.

அந்த இன்னொரு நாள் வருவதேயில்லை.

கூடப் பாட வந்திருந்த கிளின்டன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். புன்னகையோடு வாங்கி, திறக்காமல் கீழே வைத்தாள்.

அவன் அந்தப் பாட்டிலைப் பார்த்தான். பிறகு தன் கையிலிருந்த டீயைப் பார்த்தான்.

குடிக்காமல் ஓரமாக வைத்துவிட்டான்.

“தலைவா, என் போர்ஷன மொதல்ல அடிச்சுட்றேன். ஷமீனா கொஞ்சம் உக்காரட்டும்.”

போன் பேசவேண்டும் என்று வெளியே போய்வந்தான். மைக் முன்னால் நின்றான்.

ஒரே டேக் கிளின்டன். பெரம்பூர்ப் பக்கம் அவனுக்கு அதுதான் பேர்.

அன்று ஒரு வரியும் நிற்கவில்லை. தடுக்கினான். இருமினான். மூன்றாம் வரியை முதலில் பாடினான். பீட்டை ஏற்றச் சொன்னான். ஏற்றியதும் இறக்கச் சொன்னான்.

“இன்னாடா ஆச்சு உனக்கு?”

“வயசாவுது தலைவா.”

அவள் சுவரோரம் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். தன்னைப் போல இன்னொருவனும் தடுமாறுவது ஆறுதலாக இருந்தது. அப்படி நினைத்ததற்காக இறைவனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

அப்போது பள்ளிவாசலின் மாலைப் பாங்கு கேட்டது.

நாலு சுவரிலும் பஞ்சு ஒட்டிய அறை. வெளியே இடி விழுந்தாலும் உள்ளே தெரியாது.

ஆனாலும் கேட்டது. தெளிவாக, அவன் பாட்டின் நடுவில்.

“நிறுத்து, நிறுத்து. கதவ எவன் தொறந்து வெச்சது?”

தணிகா எழுந்துபோய்க் குனிந்தான். கதவிடுக்கில் செருகியிருந்ததை உருவித் தூக்கிக் காட்டினான்.

“டேய், இது உன் செருப்புதான?”

“அட, அங்கயா கீது? ஒண்ணக் காணோமேன்னு பாத்தேன்.”

அவள் பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்தாள். உதடுகள் ஒரு கணம் அசைந்தன.

பிறகு அந்தப் பாட்டிலைத் திறந்தாள்.

தணிகா செருப்பை வெளியே எறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினான். எட்டு வரியும் தங்குதடையில்லாமல் வந்தன. தணிகா முதல்முறையாகத் திரையை விட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

அடுத்து கிளின்டன் நின்றான்.

ஒரே டேக்.

“இவ்ளோ நேரம் என்னாடா பண்ணிக்கினு இருந்த?” என்று தணிகா அவனை அடிக்கக் கை ஓங்கினான். அவன் சிரித்துக்கொண்டே வெளியே செருப்பைத் தேடப் போனான்.

அவள் பையில் இன்னும் ஒரு பழம் இருந்தது.

ஆறிப்போன டீயின் பக்கத்தில் அதை வைத்தாள்.