நான்காவது முகம்

கொடைக்கானல் போவதற்குள் பழகிக்கொள்ள வேண்டுமென்று, கதிரேசன் புதுக் கேமராவை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு சோபாவில் வந்து உட்கார்ந்தார். ஒரு பக்கம் மனைவி தமயந்தி, மறுபக்கம் மகள் யாழினி. கேமராவின் திருகை, சிரிக்கும் முகம் போட்டிருந்த இடத்துக்குத் திருப்பியிருந்தார். குடும்பப் படத்துக்கு அதுதான் என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

கேமரா படம் எடுக்கவில்லை.

"யாராவது சிரிச்சாத்தான்ப்பா அது எடுக்கும்" என்றாள் யாழினி.

மூவரும் உதடுகளை இழுத்துப் பார்த்தார்கள். கேமரா ஏமாறவில்லை.

"மூணு பேரா போட்டோ எடுக்கக் கூடாதுங்க, ஆகாது" என்றாள் தமயந்தி. ஊரார் கல்யாணங்களில் அவள் எத்தனையோ முறை சொல்லி, யாரையாவது கூப்பிட்டு நிறுத்தியதுதான். போன சித்திரை வரை சொந்த வீட்டில் அதைச் சொல்ல வேண்டி வந்ததில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

எழுந்து போய், சுவரில் இருந்த மூத்தவன் முகிலனின் படத்தை இறக்கினாள். சந்தன மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, படத்தை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கேமரா உடனே பளிச்சிட்டது.

யாரும் அசையவில்லை. மறுபடியும் பளிச்சிட்டது. மறுபடியும்.

"நிறுத்துங்க" என்றாள் தமயந்தி, படத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தபடி.

கதிரேசன் எழுந்திருக்கவில்லை. நிறுத்துவது எப்படி என்று அவர் இன்னும் பழகியிருக்கவில்லை.